பம்பாய் ஓட்டம்

6 ஆகஸ்ட் 2008, புதன்

மாதா திருவிழா நேற்றோடு முடிந்தது. தெருவில் இன்னும் கடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பணி ஓய்வு பெற்று இன்றோடு ஆறு நாள். தூத்துக்குடி தந்தி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம். கடைசிப் பத்து வருஷம் தந்தியே வரவில்லை என்பது வேறு விஷயம். பிரிவு உபசாரத்தில் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி. ஜனவரியிலிருந்து ஜூலைவரை வெற்றுத்தாளாகக் கிடக்கிறது. பார்க்க எரிச்சலாக இருப்பதால் மிச்சத்தையாவது நிரப்பலாம் என்று எழுதுகிறேன்.

சாயங்காலம் பங்குத்தந்தை நெஸ்டர் வந்தார். இரண்டாம் உலகப்போரில் எங்கள் பங்கிலிருந்து கப்பலில் போய்த் திரும்பாதவர்கள் ஏழு பேர். வரும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அவர்கள் பெயர் வெட்டிய கல் ஒன்றைக் கல்லறைத் தோட்டத்தில் திறக்கப்போகிறாராம். கூடவே ஒரு சிறு நினைவு மலரும் அச்சிடப்போகிறார். ஆளுக்கு அரைப்பக்கம்; கப்பல் பெயர், தேதி எல்லாம் சேகரிக்க வேண்டும். "உங்களுக்கு இங்கிலீஷும் தெரியும், இப்ப நேரமும் இருக்கு" என்றார். இரண்டாவது காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

பட்டியலில் நாலாவது பெயர் கஸ்பார் கொரைரா. என் அம்மாவின் முதல் கணவர். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். அம்மாவுக்குப் பதினெட்டு வயதில், 1942 மே மாதம் கல்யாணம். அவர் கடற்படையில் ஸ்டோக்கர், அதாவது கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர். விடுப்பில் வந்து பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனார். 1943 மார்ச் 6 அன்று சந்திராவளி என்ற அவருடைய கப்பல் அரபிக்கடலில் மூழ்கியது. அதே கப்பலில் இருந்த, அதே தெருக்காரரான லெயோன் வாஸ் இடது கை வெந்து பிழைத்து வந்து செய்தியைச் சொன்னார். நாலு வருஷம் கழித்து அம்மாவை அவரே கட்டிக்கொண்டார். அவர்தான் என் அப்பா. வருஷா வருஷம் மார்ச் ஆறாம் தேதி கஸ்பாரின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கிறோம். அப்பா 1979இல் சாகும்வரை அவரே நேரில் கோயிலுக்குப் போய்ப் பூசைக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டு வருவார்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பத்து நாலு வயது. கூடையிலிருந்த ஊளி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு மட்டும் போதும்னு சாமிகிட்டச் சொல்லு. மத்ததெல்லாம் எதுக்கு?" என்றாள். பிறகு மீன் நேற்றையது என்று என் மனைவி ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பங்கு அலுவலகத்தில் பழைய திருமணப் பதிவேடுகளைப் பார்த்தேன். 1942ஆம் வருஷப் பக்கத்தில் கஸ்பாரின் கடற்படை எண்கூட இருந்தது. கையோடு 1947ஐயும் புரட்டினேன். ஜனவரி 20, லெயோன் வாஸ், இசபெல்லம்மாள். மணமகள் விதவை. ஓரத்தில் அப்போதைய சாமியார் பொடியெழுத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்: முதல் கணவர் இறந்ததை, கப்பலிலிருந்து பிழைத்த லெயோன் வாஸ் வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து உறுதிப்படுத்தினார்.

சாட்சியும் மாப்பிள்ளையும் ஒரே ஆள். அந்தக் காலத்தில் ஆள் பஞ்சம்போல. பிழைத்த ஒன்பது பேரில் எங்கள் ஊர்க்காரர் அவர் ஒருவர்தான், வேறு யார் வந்து சொல்வார்கள்?

14 ஆகஸ்ட், வியாழன்

மும்பையிலுள்ள கடற்படை ஆவண அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினேன். இருபது சொல்லில் முடிய வேண்டியதை மரியாதைக்காக இரண்டு பக்கம் எழுதியதில் விரல் வலிக்கிறது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மாவை ஆட்டோவில் காலைப் பூசைக்கு அழைத்துப்போனேன். வருஷந்தோறும் இந்தத் தேதியில் அவள் ஒரு பூசை வைக்கிறாள். பெயர் சொல்லமாட்டாள், 'ஓர் ஆன்மாவுக்காக' என்று மட்டும் வாசிப்பார்கள். யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கேட்க நாதியில்லாத ஆன்மாவுக்கு என்றாள். நல்ல பழக்கம்தான். வரும் வழியில் மூட்டுவலி எண்ணெயும் நாலு மக்ரூனும் வாங்கினோம். எண்ணெய் அவளுக்கு, மக்ரூனும் அவளுக்கு.

2 செப்டம்பர், செவ்வாய்

மின்வெட்டு மூன்று மணி நேரம். மும்பையிலிருந்து பதில் இல்லை.

17 செப்டம்பர், புதன்

பதில் வந்துவிட்டது. கஸ்பாரின் பணிப்பதிவேட்டின் நகல், ஒரே ஒரு தாள். நன்றாக இருக்கட்டும் அவர்கள்.

1941இல் சேர்ந்திருக்கிறார். அப்போது கல்யாணம் ஆகவில்லை, ஆகவே நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் கொழும்பிலிருந்த அண்ணனின் பெயரும் முகவரியும். கடற்படை ஏதாவது கடிதம் போட்டிருந்தாலும் கொழும்புக்குத்தான் போயிருக்கும். நடத்தை 'மிக நன்று'. சந்திராவளியில் 1942 ஜூன் 3 முதல். கடைசிக் கட்டத்தில், வேறு மையில், மூன்றே துண்டு: 'ரன், பம்பாய், 11.2.43.'

வேறு யாராவது என்றால் திணறியிருப்பார்கள். எனக்கு இது தொழில். தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் பாதியை விழுங்கிவிட்டுத்தான் எழுதுவார்கள். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட்' என்றால் யாருடைய தகப்பன், எங்கிருந்து எங்கே கிளம்புவது என்று எவனாவது கேட்டதுண்டா? விழுங்கியதை நாம் மனசுக்குள் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 11 முதல் கப்பல் பம்பாய்த் தடத்தில் ஓடியிருக்கிறது. பம்பாய் ஓட்டம். அந்த ஓட்டத்தில்தான் மார்ச் ஆறாம் தேதி அடிபட்டு மூழ்கியிருக்கிறது. எல்லாம் ஒத்துப்போகிறது.

இறந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போர்க்காலம், எழுதுகிறவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

18 செப்டம்பர், வியாழன்

அம்மாவுக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். நடத்தை மிக நன்று என்றபோது லேசாகத் தலையாட்டினாள். கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ரன் என்றால் என்ன என்று கேட்டாள். ஓட்டம், பம்பாய் ஓட்டம் என்று விளக்கினேன். "ஓட்டமா" என்றாள். பிறகு கண்ணுக்கு மருந்து விடச் சொன்னாள். மருந்து காலையிலேயே விட்டாயிற்று என்றேன். பரவாயில்லை, இன்னொரு சொட்டு விடு என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள். மத்தியானக் குழம்பில் புளி அதிகம்.

29 செப்டம்பர், திங்கள்

மலரின் அச்சுப்படி வந்தது. 'கஸ்பார் கொரைரா. 11.2.1943 முதல் பம்பாய் ஓட்டம். 6.3.1943 அன்று சந்திராவளியோடு கடலில் மாண்டார்.' கொரேரா என்று அடித்திருந்ததைக் கொரைரா என்று திருத்தினேன். ஏழு பேரில் இவருக்குத்தான் விவரம் இவ்வளவு துல்லியமாக அமைந்திருக்கிறது என்று நெஸ்டர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிப்பானேன்.

அரைப்பக்கம் நிரம்ப இன்னும் நாலு வரி வேண்டுமாம். ஸ்டோக்கர் வேலை எப்படிப்பட்டது என்று எழுதலாம். மில்லர்புரத்தில் பொன்னுலிங்கம் என்று ஒருவர், கடற்படையில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

பொன்னுலிங்கம் நல்ல மனிதர். வீட்டு வாசலில் நங்கூரம் வரைந்திருக்கிறார். ஸ்டோக்கர் வேலையைப் பற்றிக் கேட்டதும் சந்தோஷமாகப் பேசினார். கீழே வெக்கை எப்படி இருக்கும், குண்டு பட்டால் மேலே வர எத்தனை ஏணி ஏற வேண்டும் என்றெல்லாம் சொன்னார். குறித்துக்கொண்டேன். பிறகு தாளைக் காட்டி, பம்பாய் ஓட்டம் என்பது எந்த ஊர்களுக்கு இடையில் என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், இது கப்பல் ஓட்டம் இல்ல. நேவியில ரன்னுன்னு எழுதுனா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆள் ஓடிட்டான்னு அர்த்தம். பிப்ரவரி பதினொண்ணாந்தேதி பம்பாயில கப்பல விட்டு இறங்குனவரு திரும்பி வரல."

வேறு பொருள் இருக்க முடியாதா என்று கேட்டேன். இருக்காது என்றார். பழைய தாள்களில் நிறையப் பார்த்திருக்கிறாராம். அந்தக் காலத்தில் ஓடியவர்கள் ஏராளம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னார். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன்.

டீ குடித்துவிட்டு வந்தேன்.

6 அக்டோபர், திங்கள்

காஸ் புக் செய்தேன். அம்மாவின் கண் மருந்து வாங்கினேன். எழுத ஒன்றும் இல்லை.

8 அக்டோபர், புதன்

பிப்ரவரி 11இலிருந்து மார்ச் 6வரை இருபத்து மூன்று நாள். இருபத்து மூன்று நாளாகக் கப்பலில் கஸ்பார் இல்லை. அப்பாவும் அவரும் ஒரே ஊர், ஒரே தெரு. கப்பலில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். பக்கத்துப் படுக்கை இருபத்து மூன்று நாள் காலியாகக் கிடந்தது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் செத்துவிட்டார் என்று வந்து சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் வேதபுத்தகத்தைத் தொட்டிருக்கிறார்.

அப்படியானால் 1947 ஜனவரி 20 அன்று அம்மா விதவை இல்லை. விதவை இல்லாதவளுக்குக் கோயிலில் நடந்த கல்யாணம் கல்யாணம் இல்லை. பிறகு நான் யார்? அறுபது வயதில் இதற்காக யாரும் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் அப்பாமேல் கோபம் வந்தது. செத்து இருபத்தொன்பது வருஷமான மனிதர்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: ஊரான் சொல்லில் கை வைக்காதே. முப்பத்தெட்டு வருஷம் நான் ஒரு எழுத்தை மாற்றியதில்லை. 'பொண்ணு பிறந்துவிட்டது' என்று அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தவனுக்காகக்கூட 'மகிழ்ச்சி' என்று ஒரு சொல் சேர்த்ததில்லை.

9 அக்டோபர், வியாழன்

ஜெசிந்தாவிடம் சொன்னேன். பாதியில் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "அத்தைக்கு எண்பத்து நாலு வயசு. இத அவங்க காதுல போட்டு என்ன ஆகப்போகுது? பேசாம இருங்க" என்றாள். பேசாமல் இருந்தால் கல்லறைத் தோட்டத்தில் நான் கொடுத்த பொய்யைக் கல்லில் வெட்டி வைப்பார்கள் என்றேன். நெஸ்டரிடம் போய்ச் சொன்னால், பதிவேட்டில் விதவை என்று எழுதியது என்ன ஆகும், அத்தை முகத்தை எங்கே வைப்பாள் என்று கேட்டாள்.

14 அக்டோபர், செவ்வாய்

கல் வெட்டுகிற இடத்துக்குப் போனேன், சும்மா பார்த்துவிட்டு வர. கறுப்புக் கல். 'போரில் கடலில் மாண்டோர்' என்று மேலே வெட்டியாயிற்று. முதல் மூன்று பெயரும் முடிந்துவிட்டன. நாலாவதற்குச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கொரைராவுக்கு ஐகாரமா ஏகாரமா என்று மேஸ்திரி கேட்டார். ஐகாரம் என்றேன். வெட்டாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன் என்பதை வீடு வந்து சேர்ந்த பிறகு ஒத்துக்கொள்கிறேன்.

20 அக்டோபர், திங்கள்

மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜெசிந்தா தையல்காரரிடம் போயிருந்தாள். அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். மில்லர்புரத்துக்காரரைப் பார்த்தாயே, அந்தச் சொல்லுக்கு என்ன சொன்னார் என்று அவளாகவே கேட்டாள். ஓட்டம் என்றுதான் சொன்னார் என்றேன்.

"ஓட்டந்தான்" என்றாள் அம்மா. "கப்பலா ஓடுச்சு? அவியதான ஓடுனாவ."

விசிறியை வைத்துவிட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

கஸ்பார் கீழ்த்தளத்து வெக்கையும் இருட்டும் தாங்காமல் பம்பாயில் இறங்கிப் போய்விட்டார். வேறு காரணமும் இருக்கலாம், அம்மா கேட்கவில்லை. மூன்று வாரத்தில் கப்பலே மூழ்கிவிட்டது. அப்பா கையில் கட்டோடு ஊருக்கு வந்தபோது தெருவே கூடி நின்றது. எல்லோருக்கும் முன்னால் அம்மா, அவரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். ஓடிப்போனான் என்று சொன்னால் போலீஸ் தேடும், ஊர் காறித்துப்பும். செத்துவிட்டான் என்றால் பூசை வைப்பார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, போய்விட்டான் என்றார். மற்றதைத் தெருவே பேசி முடித்துவிட்டது.

"எனக்காகப் பொய் சொல்லல. கஸ்பாருக்காகத்தான் சொன்னாவ" என்றாள். சற்று நிறுத்தி, "மொதல்ல" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல்தான் கல்யாணம் நடந்தது. 1948இல் நான் பிறந்தபோது, பம்பாய்த் துறைமுகத்தில் வேலை பார்த்த நம் ஊர் ஆள் ஒருவரிடம் கஸ்பார் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: கேள்விப்பட்டேன், நல்லா இருங்கள், நான் வரமாட்டேன். அன்றைக்கு அப்பா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அது.

அம்மா அவரோடு எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் சோறு போட்டாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னா, ரெண்டு பேரும் பிரிஞ்சிருங்கன்னுதான் சாமியாரு சொல்லுவாவ. பிரிய மனசில்ல. சொல்லாம மறைச்சு நன்மை வாங்குனா அது பெரும்பாவம். அதனால வாங்காமலே இருந்துட்டோம். பதிமூணு வருசம்."

பாவசங்கீர்த்தனம் என்பது சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது; நன்மை என்று நாங்கள் சொல்வது நற்கருணையை, பூசையில் சாமியார் தருகிற அப்பத்தை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார்கள், ஆனால் நன்மை வாங்க எழுந்ததில்லை. யாராவது கேட்டால், அப்பா வயிற்றுப்புண்ணோடு வெறும் வயிற்றில் இருக்க முடியாமல் காலையில் காப்பி குடித்துவிட்டதாகச் சொல்வார். அந்தக் காலத்தில் நடுராத்திரிக்குப் பிறகு வாயில் எதுவும் போட்டிருந்தால் நன்மை வாங்க முடியாது. அம்மாவுக்கு எந்நேரமும் தலைவலி.

1961இல், அம்மா பெயர் சொல்லாமல் பூசை வைக்கிற அதே ஆகஸ்ட் 19 அன்று, கஸ்பார் பம்பாயில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் காசநோயில் செத்தார். தந்தி வந்தது. அப்பா ரயிலேறிப் போய், தானே மண் தள்ளி அடக்கம் செய்துவிட்டு வந்தார். வந்ததும் இருவரும் மணப்பாட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு வயதான சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் கோயில் கதவைச் சாத்திவிட்டு, உபதேசியாரையும் சமையல்காரரையும் சாட்சியாக வைத்து, மறுபடியும் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே இரண்டு பேரும் வரிசையில் போய் நன்மை வாங்கினார்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அப்பாவுக்கு வயிற்றுப்புண் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என் புதுநன்மை 1956இல். முதன்முதலாக நன்மை வாங்குகிற பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி. மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பின்னாலேயே வந்து முழந்தாளிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பெற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தன் வெந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கு ஒருநாள் காப்பி குடிக்காமல் இருக்கக் கூடாதா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். இருந்திருக்கலாம்தான் என்றார் அப்பா. காப்பிக்கு நன்மையை விற்றவர் என்று அவரைப் பற்றி நான் நாற்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், ஜெசிந்தா வீட்டு ஆட்களிடம்கூட.

அம்மாவிடம், கல்லிலிருந்து பெயரை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். இத்தனை வருஷம் சரி, வாயால் சொன்னது. இப்போது கல்லில் வெட்டி, அதற்கு நானும் கையெழுத்துப் போடுவது என்னால் முடியாது என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்யா. உங்கப்பா பொய்ச்சத்தியம் பண்ணவருன்னு ஊரு பேசக்கூடாது. அவிய பட்டது போதும். நான் கண்ண மூடுறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்றேன். மின்சாரம் வந்துவிட்டது.

24 அக்டோபர், வெள்ளி

மலரின் கடைசிப்படியோடு நெஸ்டர் வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'தகவல்கள் சரியானவை' என்று குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலாம் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். பம்பாய் ஓட்டம் என்ற இரண்டு சொல் மட்டும் உண்மை. அதையாவது விட்டுவைக்கலாம் என்று விட்டுவைத்தேன். கையெழுத்துப் போட்டேன். இன்னொருவர் சொல்லில் நான் கை வைக்கவில்லை, இது என் சொந்தச் சொல்.

நெஸ்டர் போன பிறகு அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது கோபம் இல்லை. அவரை நினைத்தால் அழுகை வருகிறது. அவர் எதற்காக வேதபுத்தகத்தைத் தொட்டார் என்று இனி நான் யோசிக்கப்போவதில்லை.

27 அக்டோபர், திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. அம்மா இரண்டு சாப்பிட்டாள்.

1 நவம்பர், சனி

நாளைய திருநாளை முன்னிட்டுக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. ஜெசிந்தா போய்விட்டு வந்தாள். நான் வாசல்வரை போனேன். உள்ளே கேட்கிறவர் நெஸ்டர். சொன்னால் வெளியே விடமாட்டார், அது அவர் கடமை. ஆனால் முதலில் அந்தக் கல்லைச் சரிசெய் என்பார், பிறகுதான் மன்னிப்பு. கல்லைச் சரிசெய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்; சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேறு ஊருக்குப் போய்ச் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்கள். திரும்பி வந்து, கல்லறைக்குக் கொண்டுபோக மெழுகுவர்த்திகளை எண்ணி எடுத்து வைத்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

காலையில் பால் வரவில்லை. யாரும் எதுவும் குடிக்காமலே ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் விற்றார்கள். விடிகாலையிலேயே புழுக்கம்.

நெஸ்டர் கல்லைத் திறந்தார். ஏழு பெயர்களையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டார் வந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். கஸ்பார் கொரைரா என்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஏற்றினாள். ஐகாரம் சரியாக இருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். கையில் மீதியிருந்த பூவை அவள் அங்கே போடவில்லை. அப்பாவின் கல்லறைக்கு அழைத்துப்போகச் சொல்லி அங்கே போட்டாள்.

பூசை தொடங்கியது. கல்லறைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். நன்மை நேரம் வந்ததும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மணலில் அம்மாவால் தனியாக நடக்க முடியாது, ஆகவே அவள் தோளைப் பிடித்து நானும் வரிசையில் போனேன். முன்னால் ஜெசிந்தா, பிறகு அம்மா. அம்மா நாக்கை நீட்டித்தான் வாங்குவாள், கையில் வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்தது நான். நெஸ்டர் எனக்காக அப்பத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் இரண்டு மூன்று பேரும் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள்.

"ஏல, காலையில காப்பி குடிச்சிட்டியோ?"

"ஆமாம்மா, குடிச்சிட்டேன்" என்றேன்.